கல்பனா பேரில் ஒரு குழாய்

சென்னை
6.11.2022

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வெற்றிவேல் எழுதுவது. ஹாஸ்டல் சாப்பாட்டைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. நீ, பழனி மாமா, தமிழ்மணிக் குட்டி, உன் மாமியார், நாத்தனார் கீதாஞ்சலி எல்லோரும் சுகம்தானே? சாமை அறுப்பு முடிந்ததா?

மாமாவின் போனுக்குப் பல முறை அடித்துப் பார்த்தேன். பாறைமேல் ஏறினால்தான் சிக்னல் என்பது தெரியும். ஆனால் இந்த விஷயத்தைப் பாறைமேல் நின்று கத்திப் பேச முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

டிசம்பரில் எங்கள் ஆய்வகத்திலிருந்து ஒரு குழு நம் ஊருக்கு வந்து இரத்தம் எடுக்கப் போகிறது. மஞ்சள் காமாலை ‘பி’ கிருமி யார் உடம்பில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தக் கிருமி வெளியே தெரியாமல் வருஷக்கணக்கில் கல்லீரலில் குடியிருக்கும். ஆள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருப்பார். ஒரு நாள் வயிறு வீங்கும், அதற்குப் பிறகு செய்வதற்கு அதிகம் இருக்காது. நான் யாரை நினைத்து எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். அம்மா போனபோது ஏவல், சூனியம் என்றார்கள். எனக்கு அப்போது ஏழாம் வகுப்பு, பள்ளி விடுதியிலிருந்து என்னைக் கூட்டிவந்தது நீதான்.

என் வேலை என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பாயே, சொல்கிறேன். கல்லீரலுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று மிகச் சின்ன இழை ஒன்று இருக்கிறது. நூற்றிருபத்திரண்டு என்பது அதன் பெயர். கல்லீரல் நோகத் தொடங்கினால் அது இரத்தத்தில் கசிகிறது. மற்ற பரிசோதனைகள் சொல்வதற்கு முன்பே இது சொல்லிவிடுமா என்று பார்க்கிறோம்.

இந்தக் கிருமி பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். வேலைக்குச் சேர்ந்ததுமே என் இரத்தத்தைப் பார்த்துவிட்டேன், எனக்கு இல்லை. மிச்சம் நீ ஒருத்திதான். அது தெரியும்வரை எனக்கு நிம்மதி இல்லை, அக்கா.

எங்கள் ஆய்வகத் தலைவர் ஷோபனா மேடம் எந்த மலைக் கிராமத்துக்குப் போகலாம் என்று கேட்டபோது நம் ஊரைச் சொன்னது நான்தான். என்னை நம்பி ஒத்துக்கொண்டார். ஊர்க்கவுண்டருக்கும் இடம் கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறேன். ஒரு வீடு விடாமல் வர வேண்டும். முதலில் நீ கையை நீட்டு, மற்றவர்கள் தானாக வருவார்கள். நான் வர முடியாது. இரத்தம் பிடித்த குழாய்கள் வந்து சேர்ந்ததும் வாங்கிப் பிரித்து வைக்க இங்கே ஆள் வேண்டும்.

உன் அன்புத் தம்பி,
வெற்றிவேல்

* * *

புதூர்நாடு வழி
24.11.2022

என் தம்பி வெற்றிக்கு,

அக்கா கல்பனா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. எல்லோரும் சுகம். தமிழ்மணிக்குச் சளி இருந்தது, போய்விட்டது. இந்தக் கடிதத்தைக் கீதாஞ்சலி புதூர்நாட்டில் பெட்டியில் போடுவாள். தையல் வகுப்புக்குப் போகிறாள். மாமாவுக்குச் சட்டை தைக்கட்டுமா என்று கேட்கிறாள். எந்த மாமாவுக்கு என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

உன் கடிதத்தை உன் மாமாவுக்கும் என் மாமியாருக்கும் படித்துக் காட்டினேன். கல்லீரலே வெளியே வந்து கோள் சொல்லும் என்கிறாய். நம் ஊரில் கோள் சொல்ல ஆள் போதாதா? மாமியாருக்குத்தான் பயம். “இன்னாத்துக்கு ரத்தம் எடுக்கறாங்க? கீழ எடுத்துட்டுப் போய் விக்கறதுக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். “உங்க ரத்தத்த எவன் வாங்குவான் அத்த, வெறும் புளிப்பு” என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஊர்க்கவுண்டர் சரி என்றுவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஓடு உடைந்து கிடப்பதால் மாரியம்மன் கோயில் வாசலில் பந்தல் போட இடம் தருகிறார். நானும் கீதாஞ்சலியும் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவருகிறோம். “கல்பனா தம்பி அனுப்பற ஆளுங்களா, அப்ப வர்றோம்” என்கிறார்கள். கேட்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. அம்மா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

நீ பயப்படும் அளவுக்கு எனக்கு ஒன்றும் இல்லை. அறுப்பு முடிந்த அலுப்பு, அவ்வளவுதான். வேளைக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை.

உன் அக்கா,
கல்பனா

* * *

சென்னை
5.12.2022

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவர் நலமும் விழைகிறேன். அவசரமாக எழுதுகிறேன்.

குழு பதினான்காம் தேதி காலை வந்துவிடும். குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும். அதே எண்ணை ஓர் அட்டையில் எழுதி உங்களிடம் கொடுப்பார்கள். எந்த எண் யாருடையது என்று ஆய்வகத்தில் வேலை செய்கிறவனுக்குத் தெரியக் கூடாது, அதுதான் முறை. ஆனாலும் உன் அட்டையில் இருக்கும் எண்ணை எனக்கு எழுது. மேடத்துக்குத் தெரிந்தால் திட்டுவார். திட்டினால் திட்டட்டும்.

வெறும் வயிற்றோடு போகாதே, தலை சுற்றும்.

தம்பி,
வெற்றிவேல்

* * *

புதூர்நாடு வழி
17.12.2022

வெற்றிக்கு,

அக்காவின் அன்பு. இங்கே யாருக்கும் குறைவில்லை. உன் சுகத்துக்கு எழுது.

முகாம் நன்றாக நடந்தது. ஊரே திரண்டு வந்ததாம். ஊர்க்கவுண்டர் முதல் ஆளாக உட்கார்ந்து, ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு மாரியம்மனைக் கூப்பிட்டாராம். கீதாஞ்சலி அவரைப் போலவே செய்து காட்டினாள், எனக்குச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. மாமியார் கூடக் கொடுத்துவிட்டார். நர்ஸம்மா கொடுத்த பிஸ்கட்டைத் தமிழ்மணிக்குக் கொண்டுவந்தார். வந்தவர்களுக்கு நம் வீட்டிலிருந்துதான் சாமைச் சோறும் கொள்ளு ரசமும் போனது. ஒரு வீடு கூட விடவில்லை, உன் பேருக்கு எந்தக் குறையும் வராது.

கீதாஞ்சலி பேரில் ஒரு குழாய், என் பேரில் ஒரு குழாய். நீ கேட்ட எண், என்னுடைய அட்டையில் 87. கீதாஞ்சலியுடையது 31. அவளுடையதையும் கேட்காமலே எழுதிவிட்டேன், பின்னால் உனக்கு உதவும்.

இந்த வாரம் எனக்கு அடுப்பு வேலை இல்லை. சும்மா உட்கார்ந்து எழுதுகிறேன். குளிர் அதிகம். கம்பளி வாங்கிக்கொள்.

அக்கா

* * *

சென்னை
26.3.2023

என் அருமை அக்காவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலம் என்று இந்த முறை நான் கேட்கவில்லை, சொல்கிறேன்.

கிருமி இல்லை என்ற பேப்பர் போன மாதமே நர்ஸ் மூலம் உன் கைக்கு வந்திருக்கும். அதோடு எனக்கு மனசு ஆறவில்லை. நேற்று நம் ஊர்க் குழாய்கள் மெஷினில் ஏறின. 87 எங்கே என்று தேடினேன். நூற்றிருபத்திரண்டு மிகக் குறைவு. கசிவே இல்லை. உன் கல்லீரல் பச்சைப் பிள்ளையின் கல்லீரல் மாதிரி இருக்கிறது. நாற்காலியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பக்கத்து மேஜைக்காரர் ரிசல்ட் கெட்டுப்போச்சா என்று கேட்டார்.

அம்மாவின் வியாதி நம் இருவரிடமும் இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்து என் மேல் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டது.

ஒரு வேடிக்கை. 31-க்கு வந்த அளவும் 87-க்கு வந்த அளவும் ஏறக்குறைய ஒன்றேதான், அவ்வளவு ஒற்றுமை. அண்ணியும் நாத்தனாரும் ஒரே சட்டியில் சாப்பிட்டால் இப்படியும் ஆகும் போலிருக்கிறது. கீதாஞ்சலியிடம் சொல்.

ஆரோக்கியமானவர்கள் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறோம். நோயாளிகளை அவர்களோடுதான் ஒப்பிட வேண்டும். நீ இப்போது அந்த வரிசையில் இருக்கிறாய்.

சந்தோஷத்தோடு,
வெற்றிவேல்

* * *

புதூர்நாடு வழி
30.4.2023

வெற்றிக்கு,

அக்கா எழுதுவது. தமிழ்மணி பல் விழுந்து ஓட்டைவாயாகத் திரிகிறாள். மற்றவர்கள் சுகம்.

உன் கடிதம் வந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். நீ அழுததை எழுதியிருந்தாயே, அந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறேன். சின்ன வயதில் விழுந்து முட்டி உடைந்தபோது கூட அழாத பிள்ளை நீ.

புளி உலுக்கி, தட்டி, கொட்டை எடுத்து முடிக்கிற காலம். இந்த வருஷம் கை முன்பு போல் ஓடவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை. உன் மாமாவிடம் சொன்னேன். “உனுக்கு ஒண்ணும் இல்லன்னு பேப்பரே சொல்லுது. உன் தம்பி மெஷின்ல பாத்துட்டுச் சொல்றான். அப்புறம் இன்னா?” என்கிறார். அவர் மேல் தப்பில்லை. மாமியார் அந்தப் பேப்பரைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். நான் கொஞ்சம் படுத்தால் அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்.

ஒன்று கேட்க வேண்டும். இங்கே ஒரு பெண் கேட்கிறாள். முகாமில் இரத்தம் கொடுக்காதவள். வலது விலாவுக்குக் கீழே அவ்வப்போது வலிக்கிறதாம், சோறு இறங்கவில்லையாம். அவள் என்ன செய்யலாம்? வியாதி இருந்தால் மாத்திரையில் போய்விடுமா? பிள்ளைக்கும் இருக்குமா?

பலாப்பழம் ஆரம்பித்துவிட்டது. ஜீப்பில் யாராவது கீழே வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அக்கா

* * *

சென்னை
14.6.2023

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் அனைவரும் சௌக்கியமாக இருப்பீர்கள். பதில் தாமதம், மேடத்தோடு டெல்லி போயிருந்தேன்.

அந்தப் பெண் யார்? ஒரு வீடும் விடவில்லை என்று எழுதினாயே, எப்படி விட்டுப்போனாள்? அவளை உடனே திருப்பத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. முதலில் சாதாரண இரத்தப் பரிசோதனை, பிறகு ஸ்கேன். ஆரம்பத்தில் தெரிந்தால் தினம் ஒரு மாத்திரை, வாழ்நாள் முழுவதும் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கலாம். மாத்திரை இலவசம். நேரத்துக்குத் தெரியவில்லை என்றால் என்ன ஆகும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டாம். பிள்ளையையும் பார்க்க வேண்டும். பிறந்த உடனே தடுப்பூசி போட்டிருந்தால் பயம் குறைவு.

பயந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பாள். நீ போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ. உனக்குத்தான் எந்தப் பயமும் இல்லையே.

நீயும் கொஞ்சம் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடு. வேலையைக் குறைத்துக்கொள்.

தம்பி,
வெற்றிவேல்

* * *

சென்னை
20.8.2023

அக்காவுக்கு,

நலம்தானா? ஜூனில் எழுதினேன், ஜூலையில் எழுதினேன், பதில் இல்லை. பலாப்பழமும் வரவில்லை. மாமா ஒரு நாள் போனில் கிடைத்தார். “எல்லாம் நல்லாத்தான் கீறோம் மச்சான், உங்க அக்காவுக்குத்தான் கொஞ்சம் சோம்பேறித்தனம்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்குச் சரியாகப் படவில்லை. என் மேல் கோபமா? இரண்டு வரி எழுது.

வெற்றிவேல்

* * *

புதூர்நாடு வழி
3.10.2023

மதிப்பிற்குரிய வெற்றிவேல் மாமாவுக்கு,

கீதாஞ்சலி வணக்கம் சொல்லி எழுதுவது. நீங்கள் சுகம் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுத முடியவில்லை.

அண்ணிக்கு வயிறு வீங்கிவிட்டது. கண் மஞ்சளாகி விட்டது. போன வாரம் இரத்தமாக வாந்தி எடுத்தார். ஜீப்பில் திருப்பத்தூருக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து வேலூருக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் பார்த்துவிட்டுக் கல்லீரலில் கட்டி, அதுவும் ஒன்றல்ல என்றார்கள். கிருமி இருக்கிறது என்றார்கள். அண்ணன் உங்கள் பேப்பரைக் காட்டிச் சண்டை போட்டார். “டாக்டர், நல்லாப் பாருங்க, இவளுக்கு இல்லன்னு எழுதிக் கீது” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மாமா, அந்தக் குழாயில் இருந்தது அண்ணி இரத்தம் இல்லை. என்னுடையது.

முகாம் அன்று அண்ணி தூரம். ஊர்க்கோடிக் குடிசையில் இருந்தார். தூரமான பெண் கோயில் வாசல் பக்கமே வரக் கூடாது, உங்களுக்குத் தெரியும். நர்ஸம்மாவைக் குடிசைக்கே கூட்டிவருகிறேன் என்றேன். அண்ணி கேட்கவில்லை. “அந்தம்மா இங்க வந்துட்டு மறுபடி கோயில் வாசலுக்குப் போனா ஊர்ல சும்மா விடமாட்டாங்க. முகாமே நின்னுடும். என் தம்பி அவ்ளோ தூரத்துலேர்ந்து ஏற்பாடு பண்ணிக் கீறான். அவன் சொந்த அக்கா பேரே இல்லன்னா அவன் மூஞ்சி இன்னா ஆவும்? நீ எனக்குப் பதிலா போய்ட்டு வா” என்றார். காலையில் ஒரு மேஜையில் என் பேரைச் சொன்னேன். மதியம் வேறு புடவை கட்டிக்கொண்டு அடுத்த மேஜையில் அண்ணி பேரைச் சொன்னேன். ஒரு பேர் விட்டுப்போகாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். குழாய்க்குள் என்ன இருக்கும் என்று நினைக்கவில்லை.

நீங்கள் சொன்ன ஒற்றுமையைப் படித்துவிட்டு அண்ணி என்னைப் பார்த்தார். உங்களுக்கு எழுதிவிடலாம் என்றேன். புளி முடியட்டும் என்றார். பிறகு என் கல்யாணப் பேச்சு முடியட்டும் என்றார். நீங்கள் கேட்ட அந்தப் பெண் அண்ணிதான். உங்கள் பதில் வந்த அன்று திருப்பத்தூர் போகலாம் என்று புடவை கட்டினார். அண்ணன் எதற்கு என்று கேட்டார். சொல்ல முடியாமல் அவிழ்த்து வைத்துவிட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். உங்களைத்தான் தேடுகிறார். உடனே வாருங்கள்.

கீதாஞ்சலி

* * *

புதூர்நாடு வழி
26.11.2023

தம்பி வெற்றிக்கு,

நீ வந்து இருந்துவிட்டுப் போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. தமிழ்மணி நீ வாங்கிக் கொடுத்த செருப்பைக் கழற்றாமல் தூங்குகிறாள். அவளுக்குக் கிருமி இல்லை என்று நீ கூடவே நின்று பார்த்துச் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இரண்டு வாய் இறங்குகிறது. புதூர்நாட்டில் பிரசவம் பார்த்தபோது பிள்ளைக்கு ஊசி போட்டார்கள். ஊசி எதற்கு என்று அன்றைக்கு நான் சண்டை போட்டேன்.

நீ இருந்தவரை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நேரிலேயே சொல்லியிருப்பேன். காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாய். பேசினால் திட்டிவிடுவோம் என்று பயந்திருப்பாய். எனக்குத் தெரியும்.

கீதாஞ்சலியைத் திட்டாதே. நான் சொல்லித்தான் போனாள். முதலில் உன் பேர் கெடக் கூடாது என்றுதான் செய்தேன். அது உண்மை. ஆனால் அது மட்டும் உண்மை இல்லை. நீ அழுததாக எழுதின கடிதம் வந்தது. அதை எப்படி இல்லை என்று சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். அம்மா படுத்துக் கிடந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, வெற்றி. நீ விடுதியில் இருந்தாய், பார்க்கவில்லை. நான்தான் துணி மாற்றினேன். போய்ப் பார்த்து அதுதான் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று பயம். பேப்பர் இருந்தது எனக்கும் வசதியாகப் போயிற்று. வலி வரும்போதெல்லாம் சாமி படத்தைப் பார்ப்பேன். கொஞ்ச நாளில் அது என் இரத்தம்தான் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. ஏமாந்தது நீ ஒருத்தன் மட்டும் இல்லை.

எனக்குச் சாக இஷ்டம் இல்லை. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். இங்கே யாரிடம் சொன்னாலும் அழுகிறார்கள்.

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக வரும். வேளைக்குச் சாப்பிடு.

கல்பனா

* * *

புதூர்நாடு வழி
11.2.2024

வெற்றிவேல் மாமாவுக்கு,

கீதாஞ்சலி வணக்கம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்மணி என்னோடுதான் படுக்கிறாள். அண்ணன் சரியாகப் பேசுவதில்லை, காட்டுக்குப் போகிறார், வருகிறார்.

அண்ணி காரியம் முடிந்து நீங்கள் கிளம்பும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று நான் கேட்க முடியாது. ஆனால் ஒன்று கேட்டே ஆக வேண்டும், கேட்பதற்கு வேறு யாரும் இல்லை.

ஊரில் பேசுகிறார்கள். அடுத்தவர் பேரில் இரத்தம் கொடுத்தால் அவர் ஆயுசை நாம் வாங்கிக்கொள்வோம் என்கிறார்கள். “உன் அண்ணி ஆயுச நீ எடுத்துக்கினியாடி?” என்று கிணற்றடியில் ஒருத்தி முகத்துக்கு நேராகக் கேட்டாள். அம்மா வேறு மாதிரி பயப்படுகிறார். அண்ணியோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள், எனக்கும் வந்திருக்கும் என்கிறார். பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. எனக்கு அதெல்லாம் வேண்டாம். எனக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நீங்கள் சொன்னால் போதும். நீங்கள் சொன்னால் நம்புவேன்.

கீதாஞ்சலி

* * *

சென்னை
19.5.2024

கீதாஞ்சலிக்கு,

வெற்றிவேல் எழுதுவது. அத்தைக்கும் பழனி மாமாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். தமிழ்மணி சாப்பிடுகிறாளா? அவளுக்குப் பள்ளிப் பை தனியாக அனுப்பியிருக்கிறேன்.

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உன் மேல் கோபமாக இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு அக்கா மேல், மாமா மேல், ஊர்க்கோடிக் குடிசை மேல், கோயில் வாசலில் இடம் கொடுத்த கவுண்டர் மேல். அவரிடம் இடம் கேட்டுக் கடிதம் போட்டதே நான்தான். அந்த ஊரில் பிறந்தவன் நான். எந்த நாளானாலும் சில பெண்கள் அந்தக் குடிசையில் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? நர்ஸ் வீடு வீடாகப் போக வேண்டும், குடிசைக்கும் போக வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. குழாய், ஐஸ் பெட்டி, வண்டி எல்லாவற்றையும் யோசித்தேன்.

போன மாதம் ஷோபனா மேடம் கணக்கைச் சரிபார்த்தார். ஆரோக்கியமானவர்கள் வரிசையில் இருந்த ஒருவர் ஒரு வருஷத்திற்குள் கல்லீரல் புற்றுநோயில் இறந்திருக்கிறார், நூற்றிருபத்திரண்டு குறைவாகவே காட்டியிருக்கிறது, இந்த இழையை நம்பலாமா என்று கூட்டத்தில் கேட்டார். எண் 87. நான் எழுந்து சொன்னேன். அது என் அக்கா, ஆனால் அந்த இரத்தம் என் அக்காவுடையது இல்லை என்றேன். எண்ணைக் கேட்டு வாங்கியதையும் சொன்னேன். மேடம் திட்டவில்லை. தண்ணீர் கொடுத்தார். முகாம் போடும் முறையை மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறார், எழுதிக்கொண்டிருக்கிறேன்.

87-ஐ எடுத்துவிட்டோம். காரணம் என்ற கட்டத்தில் ‘வேறொருவர் இரத்தம்’ என்று நானே தட்டினேன். ஊரில் ஒரு வீடு விடாமல் எல்லா வீடும் இந்த ஆய்வில் இருக்கிறது. அக்கா இல்லை. அவள் இரத்தத்தில் அந்த இழை எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஊர் முழுவதற்கும் பார்த்தவன் அவளுக்குப் பார்க்கவே இல்லை.

ஆயுசு இரத்தத்தோடு கை மாறுகிற பொருள் இல்லை. கிணற்றடியில் கேட்டவளிடம் நான் சொன்னதாகச் சொல். ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் இந்தக் கிருமி வராது, அத்தையிடம் சொல். தடுப்பூசி மட்டும் போட்டுக்கொள், திருப்பத்தூரில் கேட்டு வைத்திருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். உன் இரத்தத்தில் கிருமி இல்லை. கல்லீரலில் எந்தக் குறையும் இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் ஒரு தடவைதான் பார்த்தோம், கீதாஞ்சலி. உனக்கு இரண்டு தடவை பார்த்திருக்கிறோம்.

வெற்றிவேல்